வீட்டைப் பார், முகத்தைப் பார்க்காதே

1

ஊரிலிருந்து யார் போன் செய்தாலும் முதல் பேச்சு உடம்பைப் பற்றி, அடுத்தது டில்லிப் புகையைப் பற்றி, அதற்கடுத்தது "எப்பதான் ஊரோட வர்றீங்க?" நானும் "பாப்போம், பாப்போம்" என்று சிரித்துவைப்பேன். அது என்ன சிரிப்பு என்று போனில் யாருக்குத் தெரியப்போகிறது?

புதுக்கோட்டைப் பள்ளித் தோழிகள் கொண்டுவரும் இந்த மலருக்கு டில்லி வாழ்க்கையைப் பற்றி எழுதித் தா என்று கேட்டீர்கள். குளிர், குதுப்மினார், கோல்கப்பா என்று ஒப்பேற்றிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் போன சனிக்கிழமை நடந்த கூத்துக்குப் பிறகு குதுப்மினாரைப் பற்றி எழுத எனக்குப் பொறுமையில்லை.

போன சனிக்கிழமை காலை வரை விஷயம் இதுதான். என் வீட்டுக்காரர் மார்ச்சில் ஓய்வு பெறுகிறார். அதன் பிறகு மோதி பாக் அரசுக் குடியிருப்பைக் காலிசெய்தாக வேண்டும். அவர் திருச்சியில் ஒரு ஃபிளாட் பார்த்துப் பேசி முடித்துவிட்டார். அடுத்த வாரம் பத்திரப்பதிவு, ரயில் டிக்கெட் கூட எடுத்தாயிற்று. இரண்டு பேர் பெயரிலும் வாங்குவதால் என் கையெழுத்தும் வேண்டும். கீழ்த்தளத்திலேயே அவருடைய அக்கா இருக்கிறார். என் வீட்டுக்காரருக்கு அது சொர்க்கம்.

எனக்கு அந்த ஃபிளாட்டுக்குப் போக இஷ்டமில்லை. எனக்கு டில்லியை விட்டே போக இஷ்டமில்லை. இதை நான் யாரிடமும் வாயால் சொன்னதில்லை. முகத்தால் மட்டும் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

2

முகத்தால் சொன்னால் புரியும் என்று நான் நம்பியதற்குக் காரணம் உண்டு. கல்யாணமாகி இங்கே வந்தபோது எனக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. எதிர்வீட்டு சர்தார்னி தினமும் மத்தியானம் வந்து உட்கார்ந்து மூச்சுவிடாமல் பேசுவார். ஒன்றும் புரியாது. முகத்தைப் பார்ப்பேன். முகம் சோர்ந்தால் இழுத்து ஒரு "அச்சா..." கண் விரிந்தால் வெடுக்கென்று ஒரு "அச்சா!" பல்லைக் கடித்தால் தலையை ஆட்டிக்கொண்டு "அச்சா, அச்சா." இந்த ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு இரண்டு குளிர்காலம் ஓட்டினேன். இந்தக் காலனியிலேயே தன் கஷ்டத்தைப் புரிந்துகொள்ளும் ஒரே பெண் மதராஸிக்காரிதான் என்று அந்தம்மா ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். பிறகு எனக்கு இந்தி வந்தது. அவர் தினமும் சொன்னது ஒரே கதைதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

இப்போது என் இந்தி எப்படி என்கிறீர்களா? குடியிருப்பில் தண்ணீர் வரவில்லை என்றால் சண்டை போட என்னைத்தான் அனுப்புகிறார்கள். புதுக்கோட்டை மெட்டில் நான் இந்தி பேசினால் எதிராளிக்கு எங்கே குறுக்கே புகுவது என்று தெரியாது. "வசந்தா ஜீ வர்றாங்க" என்றாலே பம்ப் ஆபரேட்டர் மோட்டாரைப் போட்டுவிடுவார். காலையில் பார்க்கில் என்னோடு நடக்க ஒரு பஞ்சாபி, ஒரு பெங்காலி, இரண்டு மலையாளி. மெட்ரோவில் பெண்கள் பெட்டியில் ஏறினால் சாந்தினி சௌக் வரை தனியாகப் போய் ஜிலேபி தின்றுவிட்டு வருவேன். எங்கே போனாய் என்று கேட்க ஆளில்லை. இந்தச் சுகத்தை எழுதினால் உங்களில் சிலர் முகம் சுளிப்பீர்கள், எனக்குத் தெரியும். சுளித்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரருக்கு வருவோம். லோதி ரோடு பக்கம் ஒரு ஆபீசில் செக்ஷன் ஆபீசர். முகம் படிப்பதில் அங்கே அவரை மிஞ்ச ஆளில்லை. லீவு கேட்கப்போகிறவர்கள் முதலில் இவரிடம்தான் வருவார்களாம். இவர் ஏதாவது ஒரு ஃபைலைத் தூக்கிக்கொண்டு பெரிய அதிகாரியின் அறைக்குள் போய்வந்து, "இப்பப் போகாதே. சாப் ஒதட்ட மடிச்சு உக்காந்துருக்காரு. லஞ்ச் ஆகட்டும்" என்பார். இதுவரை தப்பியதே இல்லை என்று அவரே சொல்லிக்கொள்வார்.

அந்த மகான் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, காபியை வாங்கிக்கொண்டு, போனில் ஃபிளாட் படத்தைத் திறப்பார்.

"இங்க பாரு வசந்தா, பால்கனி தெக்க பாத்து இருக்கு. காத்து பிச்சுக்கிட்டு வரும்."

"சரிங்க."

"அக்கா வீட்டுக்குப் படியிறங்குனா போதும். நீ போரடிச்சுப் போயி உக்கார வேண்டியதே இல்ல."

"சரிங்க."

இந்த "சரிங்க" சொல்லும்போது என் முகம், பல் டாக்டர் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டிருப்பவள் முகம் போல இருக்கும். அவர் விரலால் சமையலறையைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். வாயைத் திறந்து சொல்லித் தொலைத்தால் என்ன என்று கேட்பீர்கள். இவ்வளவு ஆசையாகக் காட்டுகிற மனுஷனிடம் எப்படிச் சொல்வது? அதோடு எனக்கும் ஒரு வீம்பு. ஆபீசில் எவனெவனோ உதட்டை மடித்தால் தெரிகிறது, சொந்தப் பெண்டாட்டி முகம் தெரியாதா? தெரிகிறதா பார்ப்போம் என்று இருந்துவிட்டேன்.

3

எங்களுக்கு ஒரே பெண். ஆசையாகக் கயல் என்று பெயர் வைத்தோம். டில்லி வாயில் அது "காயல்" ஆகிவிட்டது. இந்தியில் அதற்குக் காயம்பட்டவள் என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போதெல்லாம் என் பெண் அடிபட்டுக் கிடந்தாள். தமிழ் பேசுவாள், படிக்கமாட்டாள். "எங்க புரொஃபசர் வந்துது, கத்திட்டுப் போச்சு" என்பாள். திருத்தினால், "அம்மா, மீனிங் போய்ச் சேந்துச்சா இல்லையா, பஸ்" என்பாள்; அந்த பஸ் இந்தி, போதும் என்று அர்த்தம். இப்போது தனியாக அறை எடுத்துத் தங்கி ஒரு பல்கலைக்கழகத்தில் மூளையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். வாரத்துக்கு ஒரு போன் வந்தால் பெரிசு.

திடீரென்று போன மாதம் கேமராவோடு வந்து நின்றாள்.

"அம்மா, எனக்கு மூஞ்சி வேணும்."

"ஏன், உன்னுதுக்கு என்ன ஆச்சு?"

"அரே, போட்டோ எடுக்க. ஆளுங்க பயந்த மூஞ்சி, கோவ மூஞ்சி பாத்தா பிரெயின் என்ன செய்யுதுன்னு டெஸ்ட். கவனிச்சுப் பாத்தா ஒரு மாதிரி, வேற எங்கயோ கவனம் இருந்தா வேற மாதிரி. சில சமயம் பாத்தோம்னே ஆளுக்குத் தெரியாது, ஆனா பிரெயின் பாத்துருக்கும்."

"இதுக்கா உனக்கு ஸ்காலர்ஷிப் குடுக்குறாங்க?" என்றேன். இதைத்தான் எங்கள் வீட்டில் நான் ஓசியில் நடத்திக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லவில்லை.

சுவரில் வெள்ளைப் போர்வையைக் கட்டி, காலனியில் இருக்கிற தமிழ்க் குடும்பங்களையெல்லாம் வரிசையாக உட்காரவைத்தாள். உணர்ச்சியே இல்லாத முகம் வேண்டும் என்றாள். பெண்கள் ஒருத்திக்கும் வரவில்லை. கேமராவைப் பார்த்ததும் எல்லாருக்கும் கல்யாணவீட்டுச் சிரிப்பு வந்துவிடுகிறது. ஆண்களுக்கு உட்கார்ந்த உடனே வந்தது. இத்தனை வருஷம் அரசாங்க அடையாள அட்டைக்குப் போஸ் கொடுத்தது வீணாகவில்லை.

எனக்குக் கோபம் ஒரே கிளிக்கில் வந்தது. பயம்தான் வரவே இல்லை. கரப்பான்பூச்சியை நினைத்துக்கொள் என்றாள். நினைத்தேன். "இது அருவருப்பும்மா, பயம் இல்ல" என்று தள்ளிவிட்டாள். நிலநடுக்கம் என்றாள். எங்களுக்குத்தான் அது பழகிவிட்டதே. கடைசியில் கேமராவுக்குள் பார்த்தபடியே சாதாரணமாகச் சொன்னாள்:

"அச்சா, சோச்சோ, இப்படி நெனச்சுக்கோ. மார்ச் முடிஞ்சுது. நீ திருச்சி ஃபிளாட்ல உக்காந்துருக்க. டிங் டாங். கதவுல அத்தை."

கிளிக்.

கேமராவிலேயே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு, "அம்மா, நீ ஓகேவா?" என்றாள்.

"சோறு ஆறிப்போகுது, வா" என்று எழுந்துவிட்டேன்.

4

போன சனிக்கிழமை கயல் தன் அப்பாவை வெள்ளோட்டத்துக்குக் கூப்பிட்டாள். உண்மையான ஆட்களை வைத்துச் செய்வதற்கு முன்னால் கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டுமாம். நானும் துணைக்குப் போனேன்.

முதலில் சம்மதப் படிவம். கொடுத்தால் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள் போல. இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து படித்தார். இரண்டாம் பக்கமும் நான்காம் பக்கமும் முரண்படுகின்றன என்றார். ஓரத்தில் பென்சிலால் குறிப்பு எழுதினார். பெற்ற பெண்ணிடம், "இத யாரு டிராஃப்ட் பண்ணுனது?" என்று விசாரணை வேறு. "அப்பா, ஜல்தி" என்று அவள் கெஞ்சிய பிறகு, ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பமிட்டுத் தேதி போட்டார்.

அடுத்தது தொப்பி. வலைத்தொப்பி, அதில் பட்டன் பட்டனாக ஒயர். ஒவ்வொரு பட்டனுக்கு அடியிலும் பசை விட்டு மண்டையோடு ஒட்டவைக்கிறார்கள். ஒட்டினால் கம்ப்யூட்டரில் பச்சைப் புள்ளி வருமாம். இவர் தலைக்கு எல்லாமே சிவப்பு. கயல் அழுத்திப் பார்த்தாள், மறுபடி பசை விட்டாள், குனிந்து முகர்ந்தாள்.

"அப்பா, தலைல என்ன போட்டீங்க?"

"நல்லெண்ணெய்."

"ஏன்ப்பா!"

"நீதானே தலைக்குக் குளிச்சிட்டு வரச்சொன்னே. இன்னிக்கு சனிக்கிழமைம்மா." இதற்கு மேல் உலகத்தில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது என்பது அவர் நினைப்பு. அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். மிளகு தட்டிப்போட்டு எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தவள் நான்தான்.

ஆராய்ச்சிக்கூடத்துத் தொட்டியில் அப்பாவைக் குனியவைத்து, ஷாம்பூ போட்டுப் பெண் தலை தேய்த்தாள். ஒரு தடவை போதவில்லை. சின்ன வயசில் அவளுக்கு இவர்தான் தலை தேய்த்துவிடுவார். கண் எரிகிறது என்று காலனிக்கே கேட்கும்படி கத்துவாள். அன்று இவர் கத்தினார். "அசையாதீங்கப்பா" என்று அவள் பிடரியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். போன் செய்யாவிட்டாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

ஒருவழியாகப் பச்சை வந்தது. அவரை உள்ளறையில் திரைக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டு, நாங்கள் இருவரும் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப்பக்கம், வெளியறையில் இன்னொரு திரையில் அதையே பார்த்தோம். திரையில் நான்கு படங்கள் மின்னி மறையும். இடமும் வலமும் வீடுகள். மேலும் கீழும் முகங்கள். வீடுகள் இரண்டும் ஒன்றா, வேறா என்று பட்டனை அமுக்க வேண்டும்.

"வீட்ட மட்டும் பாருங்க. மூஞ்சியப் பாக்காதீங்க" என்று மைக்கில் சொன்னாள்.

அடியே, அதை அவருக்குச் சொல்ல வேண்டுமா!

படங்கள் மின்னத் தொடங்கின. மோதி பாக் மாமாக்கள், மாமிகள். அப்புறம் பளிச்சென்று நான். கண் விரிந்து, வாய் கோணி, திருச்சியில் அழைப்புமணி கேட்ட அதே நான். ஒரு கணம்தான், போய்விட்டது. சற்று நேரத்தில் மறுபடி வந்தேன். எனக்கே என்னைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"என் படம் எப்படிடீ இதுல வந்துச்சு?"

"அப்பாவுக்கு ஓட்டுறப்ப உன் படத்த வெளிய எடுத்துடணும்னு நெனச்சேன். மறந்துட்டேன்" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். பக்கத்து பெஞ்சில் பேனாவைக்கூட நேராக அடுக்கிவைத்திருக்கிறவள் மறப்பாளா என்று நான் கேட்கவில்லை.

முடிவு வந்தது. வீட்டில் அவர் கிட்டத்தட்ட முழு மதிப்பெண். இவ்வளவு நன்றாக யாரும் செய்ததில்லையாம். கயல் மைக்கில் கேட்டாள்:

"அப்பா, நடுவுல மூஞ்சி ஏதாவது பாத்தீங்களா?"

"இருந்துச்சு போல. ஜனங்க."

"தெரிஞ்சவங்க?"

"யாரோ ஒரு லேடி வந்துச்சு. உங்க ஸ்டாஃபா?"

உள்ளே போய் அந்தத் தொப்பியோடு சேர்த்து ஒன்று போடலாமா என்றிருந்தது. கயல் என் கையைப் பிடித்து உட்காரவைத்து, நெளிநெளியாக இரண்டு கோடுகளைக் காட்டினாள். சாதாரண முகம் வந்தபோது அவர் மூளை போட்ட கோடு ஒன்று, என் பயந்த முகம் வந்தபோது போட்டது இன்னொன்று. இரண்டாவதில் ஒரு இடத்தில் துளியூண்டு மேடு இருந்தது.

"பாரு, ஏதோ இருக்கு. ஆனா ரொம்பச் சின்னது. கவனம் பூரா வீட்டுல இருந்துச்சு இல்ல? எங்க ஃபீல்டுல இதுக்குத்தான் சண்டை. பயந்த மூஞ்சின்னா கவனிக்காட்டியும் பிரெயின் பிடிச்சிரும்னு ஒரு கட்சி. கவனம் இல்லாட்டி ஒண்ணும் நடக்காதுன்னு ஒரு கட்சி."

"நீ எந்தக் கட்சி?"

"எனக்கு டிகிரி வேணும்மா. நடுவுல."

"அப்ப இந்த மேடு? அவருக்கு உள்ளுக்குள்ள தெரிஞ்சிருக்குன்னுதானே அர்த்தம்?"

"ஒரு ஆளு, ஒரு நாளு. இத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. அவர் கண்ணச் சிமிட்டியிருந்தாக்கூட இப்படி வரும்."

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே அத்தாட்சியைக் கண் சிமிட்டல் என்றுவிட்டாள் பாவி.

5

பிறகு இரண்டாம் பகுதி. அதே படங்கள்தான், கட்டளை மட்டும் தலைகீழ். வீட்டைப் பார்க்காதே, முகத்தைப் பார். என்ன உணர்ச்சி என்று பட்டனை அமுக்கு.

இப்போது பார்க்க வேண்டுமே மகானை! நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆபீஸ் வித்தை இது. மாமாக்களின் கோபம், மாமிகளின் சிரிப்பு, எதையும் விடவில்லை. என் முகம் முதல்முறை வந்ததும் நாற்காலியில் துள்ளினார். "ஏய், இது நம்ம வசந்தா!" என்ற குரல் கண்ணாடிக்கு வெளியே கேட்டது.

"பேசாதீங்கப்பா, அமுக்குங்க."

அமுக்கினார். கோபம்.

கயல் என்னைப் பார்த்தாள். மறுபடி என் பயந்த முகம் வந்தது. கோபம். இன்னொரு முறை. தயங்காமல் கோபம். ஊரார் பயந்ததையெல்லாம் பயம் என்று சரியாகச் சொன்னவர், என் பயத்தை மட்டும் ஒவ்வொரு தடவையும் கோபம் என்றே அமுக்கித் தள்ளினார். கயலுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது.

ஒயர்களைப் பிடுங்கிய பிறகு, கேன்டீனில் அவரும் நானும் டீயும் சமோசாவும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். கயல் சாமான்களை எடுத்துவைத்துவிட்டு வருகிறேன் என்றாள். அவர் தலையில் அங்கங்கே பசை காய்ந்து முடி நட்டுக்கொண்டு நின்றது.

"நல்ல டெஸ்ட்டுதான். ஆனா போட்டோ எடுத்தப்ப நீ ஏன் அவ்வளவு கோவமா இருந்தே?"

"அது கோவம் இல்லங்க. பயம்."

"பயமா? உனக்கா?" என்று சிரித்தார். "மோதி பாக்கே உன்னப் பாத்துத்தான் பயந்து கெடக்கு."

நான் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்தினார். சமோசாவைத் தட்டில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். முகத்தைப் பார் என்ற கட்டளை இன்னும் அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது போலும்.

"எதுக்குப் பயம்?"

ஒரு வருஷமாக இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். வந்ததும் ஒரு வாய் டீயைக் குடித்துக்கொண்டேன்.

"திருச்சிக்கு வர்றதுக்கு."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "உனக்காகத்தானே வசந்தா போறோம்?"

"எனக்காகவா?"

"வந்த மொத குளிருல, பாத்ரூம்ல தண்ணி ஐஸா வருதுன்னு கைய ஒதறிக்கிட்டு நின்னு அழுதியே. 'என்ன ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க'ன்னு. ஒன் மூஞ்சியப் பாக்க முடியல அன்னிக்கு. சர்வீஸ் முடிஞ்ச மறுநாளே கூட்டிட்டுப் போயிடணும்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

எனக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. ஐஸ் தண்ணீரும் ஞாபகமில்லை, அழுததும் ஞாபகமில்லை. இந்த மனுஷன் என் முகத்தைப் பார்த்ததே இல்லை என்று ஒரு வருஷமாக உள்ளுக்குள் வைதுகொண்டிருந்தேன். பார்த்திருக்கிறார். ஒரே ஒரு தடவை நன்றாகப் பார்த்து, உத்தரவு எழுதி, ஃபைலை மூடிவைத்திருக்கிறார். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது எனக்கு. கேன்டீன் என்றும் பார்க்காமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"அந்த அழுகையெல்லாம் வெயில் வந்ததும் போயிருச்சுங்க."

"எங்கிட்ட சொல்லலியே?"

"சொல்லல. ஆனா இப்ப சொல்றேன். இங்க கதவப் பூட்டிட்டு நான் பாட்டுக்கு எங்க வேணாலும் போவேன். அங்க செருப்ப மாட்டுனா 'எங்க கெளம்பிட்டே'ம்பாங்க உங்க அக்கா. நல்லவங்கதான், நான் குத்தம் சொல்லல. ஆனா இங்க நான் வசந்தா. அங்க மறுபடியும் தம்பி பொண்டாட்டி. அத இந்த வயசுல மொதல்லருந்து ஆரம்பிக்க என்னால முடியாதுங்க."

அவர் டீயைக் குடித்து முடித்தார். வெறும் கோப்பையையும் ஒரு தடவை குடித்தார்.

"அப்ப எங்க இருக்குறது?"

"மயூர் விஹார்ல வாடகைக்கு ஒரு சின்ன வீடு. நம்ம ஆளுங்க நெறையப் பேரு இருக்காங்க. கயலும் பக்கம்."

"பால்கனி இருக்குமா?"

"பாத்துக்கலாம்."

சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். ஃபிளாட் படத்தைத் திறக்கப்போகிறார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். திருச்சிக்குப் போன் போட்டார். ஃபிளாட் கட்டினவரின் ஆள் எடுத்தார். அந்தப் பையன் குரல் எதிரில் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது.

"தம்பி, பதிவு வேண்டாம்ப்பா. டிக்கெட்ட கேன்சல் பண்றேன். வீட்ல இஷ்டமில்ல."

"என்ன சார் இப்படிச் சொல்றீங்க? போன வாரம் வீடியோ கால்ல அம்மாகிட்ட வீட்டச் சுத்திக் காட்டுனேனே. சரின்னுதானே சார் சொன்னாங்க?"

அவர் என்னைப் பார்த்தபடியே சொன்னார்:

"சொன்னா தம்பி. நான்தான் மூஞ்சியப் பாக்கல."